இது என்ன சாமான்?

அறுவடை முடிந்த இங்கிலாந்து வயல்களில், காதில் ஹெட்ஃபோனும் கையில் நீண்ட கோலுமாகச் சிலர் மெதுவாக நடந்துகொண்டிருப்பார்கள். கோலின் அடியில் ஒரு வட்டத் தட்டு. அதைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போவார்கள். 'பீப்' என்று சத்தம் கேட்டதும் மண்டியிட்டு ஒரு சாண் தோண்டுவார்கள். பெரும்பாலும் வருவது ஆணி, டின் மூடி, துப்பாக்கி ரவை. எப்போதாவது, யாருக்கும் பெயர் தெரியாத ஓர் உலோகத் துண்டு. அது என்ன சாமான் என்று துப்புத் துலக்குவது, புதையல் கிடைப்பதைவிடச் சுவாரசியமானது என்பேன்.

முதலில் அந்தக் கோலைப் பார்த்துவிடுவோம். மெட்டல் டிடெக்டரின் தட்டுக்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில், விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஓர் உலோகம் கிடந்தால், அதற்குள்ளேயே சின்னச் சின்ன வட்டங்களாக மின்சாரம் ஓடத் தொடங்கும். சுழல் மின்னோட்டம் என்று இதற்குப் பெயர். இந்த ஓட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கிறது. முதல் சுருளின் கூச்சல் இரண்டாவதற்குக் கேட்டுவிட்டால் எல்லாம் கெட்டது. ஆகவே ஒன்றின் விளைவு இன்னொன்றில் பூஜ்யமாகும்படி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் விலக்கி, கணக்காக வைத்திருப்பார்கள். மேலே எழுந்து வரும் பதில் அவ்வளவு மெலிது. சிறிய பொருள் ஒன்று இரு மடங்கு ஆழத்தில் கிடந்தால், வரும் பதில் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு நாணயம் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனால் இந்தக் கருவிகள் திணறுவது அதனால்தான்.

இந்த யோசனையை முதலில் அவசரமாகச் சோதித்தவர், தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடலுக்குள் போன குண்டு எங்கே இருக்கிறதென்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. பெல் தன் சுருள்களைக் கொண்டுவந்து அதிபரின் உடல்மேல் நகர்த்திப் பார்த்தார். பலன் இல்லை. மெத்தைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பின. போதாக்குறைக்கு, வலப்பக்கம் மட்டும் தேடச் சொன்னார் தலைமை மருத்துவர். குண்டோ இடப்பக்கம் இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, போலந்து ராணுவப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி ஆள் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி கண்டறியும் கருவி ஒன்றை வடிவமைத்தார். 1942-இல் எல் அலமைன் பாலைவனப் போரில் அந்தக் கருவிகள் 500 இறங்கின. வயலில் நடக்கிறவர் கையில் இருப்பது அந்த வம்சம்தான்.

இன்றைய கருவி 'உலோகம் இருக்கிறது' என்பதற்கு மேலும் கொஞ்சம் சொல்லும். போன புலத்துக்கும் திரும்பி வந்த புலத்துக்கும் இடையே நேரத்தில் ஒரு சிறு தாமதம் இருக்கும். கனமான வெள்ளியிலும் செம்பிலும் தாமதம் அதிகம், மெல்லிய தகட்டில் குறைவு. இந்தத் தாமதத்தை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுவார்கள். ஆனால் இதில் ஒரு பொல்லாத விளையாட்டு உண்டு. மெல்லிய தங்க மோதிரத்துக்கும், குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண் வரும். குப்பை என்று விட்டால் தங்கம் போகும். விடாமல் தோண்டினால் முதுகு போகும்.

தோண்டியதும் பொருளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்க்கத்தான் கை பரபரக்கும். செய்யக் கூடாத முதல் காரியம் அதுதான். மண்ணில் கிடந்த செம்பிலும் வெண்கலத்திலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். செம்பின் உப்புகள் நுண்ணுயிர்களுக்கு விஷம். ஆகவே, மட்கிப்போயிருக்க வேண்டிய நூலிழையோ தோல் துணுக்கோ மரச் சிம்போ, அந்தக் களிம்புக்குள் பல நூற்றாண்டுகள் தப்பிப் பிழைத்திருக்கும். கொக்கியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நாலு இழை நூல், அது உடையில் மாட்டியதா குதிரைச் சேணத்தில் மாட்டியதா என்று சொல்லிவிடும். இரும்பின் கதை வேறு. துரு ஊதிப் பெருத்து, மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கொண்டு உருவமற்ற கட்டியாகிவிடும். அதை எக்ஸ் கதிரில் பார்த்தால் உள்ளே கத்தியோ பூட்டோ முழு வடிவத்தோடு தெரியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிக் கிடைப்பவற்றைப் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் அதை பிரிட்டிஷ் மியூசியம் நடத்துகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இதற்கென ஓர் அலுவலர் இருக்கிறார். பொருளைக் கொண்டுபோனால் அளந்து, எடை போட்டு, படமெடுத்து, கிடைத்த இடத்தோடு பதிந்துகொள்வார். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. தங்கமும் வெள்ளியும் சிறுபான்மை. மிச்சமெல்லாம் உடைந்த பக்கிள், பொத்தான், தையல் விரலுறை, ஈயத் துண்டு. இந்த அற்பங்களின் குவியல்தான் உண்மையான புதையல். பெயர் தெரியாத ஒன்றை அடையாளம் காணும் முதல் வழி, அதைப்போல இன்னொன்று எங்கே கிடைத்தது என்று பார்ப்பதுதான்.

சில புதிர்கள் கண நேரத்தில் அவிழும். வெள்ளியில் ஒரு குட்டி வளையம், மோதிரமென்று பார்த்தால் குழந்தையின் விரலுக்குக்கூட நுழையாது. ஆனால் அதன்மேல் ஒரு பிரபுவின் பெயர் பொறித்திருக்கும். வேட்டைப் பருந்தின் கால் வாரில் கோத்த வளையம் அது. பறவை பறந்து தொலைந்தால் யாரிடம் சேர்ப்பதென்று தெரிய வேண்டுமே!

சில புதிர்கள் உலகப் படத்தையே விரிக்கச் சொல்லும். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் உழுத வயல்களில் வட்டமான காரீய வில்லைகள் கிடைப்பதுண்டு. நாணயம் இல்லை. பொறித்திருப்பது ரஷ்ய எழுத்து. அங்கே ரஷ்யப் படை எதுவும் வந்து இறங்கியதில்லை. விஷயம் இதுதான்: 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் லினன் துணி நெய்ய, ஆளிவிதைச் செடியின் நாரை ரஷ்யாவிலிருந்து பிரிட்டன் கப்பல் கப்பலாக வாங்கியது. ஏற்றுமதிக்கு முன் துறைமுகத்தில் தரம் பார்க்கும் அதிகாரி ஒவ்வொரு கட்டிலும் காரீயத்தை நசுக்கி முத்திரை வைப்பார். அவர் பெயர், ஊர், தரம், ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். கட்டைப் பிரிக்கும்போது முத்திரை கழிவோடு விழும். ஆலைக் கழிவை எருவாக வயலில் கொட்டினார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குமாஸ்தா ஒருவரின் பெயர் ஸ்காட்லாந்து உருளைக்கிழங்கு வயலில் முளைத்த வழி இது.

இன்னொன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1693-இல் சாமர்செட் பகுதியில் ஒரு தங்க நகை கிடைத்தது. நீளம் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பளிங்குக்குள் எனாமலில் ஓர் உருவம், ஓரத்தைச் சுற்றி 'ஆல்ஃபிரட் என்னைச் செய்வித்தான்' என்று பழைய ஆங்கிலத்தில் எழுத்து. 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னனின் பொருள். சரி, என்ன பொருள்? கழுத்தில் மாட்ட வளையம் இல்லை. உடையில் குத்த ஊசி இல்லை. அடியில் ஒரு மிருகத் தலை, அதன் வாயில் சிறு குழல், குழலுக்குள் ஓர் ஆணி. எதையோ செருகி இறுக்கியிருக்கிறார்கள், அது மட்கிப்போய்விட்டது. பின்னாளில் இதற்கு உறவுக்காரர்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தார்கள்: 1990-இல் டார்செட் கடலோரத்தில் ஒன்று, 1997-இல் வார்மின்ஸ்டர் அருகே ஒன்று. எல்லாவற்றிலும் அதே குட்டிக் குழல், அதே ஆணி. பின்புறமும் தட்டை. தட்டைப் பின்புறம் எதற்கு? ஒரு பரப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போக. ஆல்ஃபிரட், தான் மொழிபெயர்த்த நூலின் படியோடு ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் 50 மான்கஸ் பெறுமான ஒரு 'ஏஸ்டல்' அனுப்புவதாக எழுதிவைத்திருக்கிறான். படிக்கும்போது வரியைத் தொட்டுக் காட்டும் கோலின் கைப்பிடி இதுதான் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மான்கஸ் எவ்வளவு? அவன் பேரன் காலத்துச் சட்டம் ஓர் எருதுக்கு ஒரு மான்கஸ் விலை வைத்தது. வரி காட்டும் குச்சி ஒன்றுக்கு 50 எருது! வாசிப்புக்கு அந்த மன்னன் கொடுத்த மரியாதை அது.

வடிவம் பேசாவிட்டால் உலோகத்தையே கேட்கலாம். எக்ஸ் கதிரை ஒரு பொருள்மேல் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடன் வேறொரு எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். எக்ஸ் கதிர் ஒளிர்வு என்பார்கள். சுரண்ட வேண்டாம், உருக்க வேண்டாம், சில நிமிடத்தில் செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே என்பதால் களிம்பு ஏமாற்றும், ஜாக்கிரதை வேண்டும். பித்தளையில் இந்தக் கணக்கு மிக உதவும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும், செம்பு உருகவோ 1,085 டிகிரி வேண்டும். அதனால் பழைய ஐரோப்பியர் துத்தநாகக் கனிமத்தையும் கரியையும் செம்போடு மூடிய மூசையில் வைத்துச் சூடாக்கி, ஆவியைச் செம்புக்குள் புகவிட்டார்கள். அப்படிப் புகுவது நூற்றுக்கு முப்பதைத் தாண்டாது. 1738-இல் பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன், துத்தநாகத்தைத் தனியே வடித்தெடுக்க உரிமம் வாங்கினார். ஆகவே இங்கிலாந்து வயலில் 38 விழுக்காடு துத்தநாகத்தோடு வந்த 'ரோமானியச் சிலை', ரோமானியரைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இதில் நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. உதய்ப்பூருக்குப் பக்கத்தில் ஜாவரில், சாம்பியனுக்குப் பல நூற்றாண்டு முன்பே இதை ஆலைத் தொழிலாகச் செய்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண் குப்பிகளைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுப்பில் கவிழ்த்து, ஓர் அடுப்புக்கு 36 வீதம் அடுக்கி, ஆவியைக் கீழ்முகமாக இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். ஒரு பெரிய குன்றளவு உடைந்த குப்பிகள் இன்றும் அங்கே கிடக்கின்றன.

எழுத்தே இருந்தாலும் கதை முழுதாகக் கிடைத்துவிடும் என்பதில்லை. 1836 வாக்கில், நியூசிலாந்தின் வடக்கே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தார். 13 சென்டிமீட்டர் உயரமுள்ள அது உடைந்த மணியின் மேற்பகுதி. சுற்றிலும் பழைய தமிழ் எழுத்து. முகைதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று வாசித்திருக்கிறார்கள். பொருள் தெரியும், உடைமைக்காரர் பெயர் தெரியும். எப்படி அங்கே போனது? சமையல் பாத்திரமாகப் புழங்கியதால், எந்த மண்ணில் எதன் அருகே கிடந்தது என்ற விவரம் போய்விட்டது. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது ரோமானியப் பன்னிருமுகி. ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு, உள்ளே கூடு, ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவுத் துளை, இருபது மூலையிலும் ஒரு குமிழ். வார்ப்புக் கலைஞனுக்குக் கடும் சோதனை. பிரிட்டனிலிருந்து ஹங்கேரி வரை நூறுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, இத்தாலியில் ஒன்றும் இல்லை. ரோமானியர் எழுதிவைத்த நூல் எதிலும் இதைப் பற்றிப் பேச்சில்லை. விளக்குத் தாங்கி, தூரம் அளக்கும் கருவி, விதைப்பு நாள் காட்டி, கையுறை பின்னும் அச்சு என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு. அளவுகருவி என்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லை. எண் பொறித்திருக்க வேண்டும், இல்லை. பின்னல் அச்சென்றால் நூல் உராய்ந்து தேய்ந்திருக்க வேண்டும், தேய்மானமும் இல்லை. சடங்குப் பொருள் என்பார் பலர். எனக்கு அது விடையாகத் தெரியவில்லை, தெரியாததற்கு வைத்த கௌரவமான பெயராகத்தான் தெரிகிறது.

2023-இல் லிங்கன் அருகே நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் ஊர்க்காரத் தன்னார்வலர்கள் அகழாய்வு செய்தபோது, உடையாத பன்னிருமுகி ஒன்று குழிக்குள், ரோமானிய மட்பாண்டங்களோடு கிடந்தது. உயரம் 8 சென்டிமீட்டர், எடை கால் கிலோ. செம்பு 75, காரீயம் 18, வெள்ளீயம் 7 விழுக்காடு. யாரோ வேண்டுமென்றே அதை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று தோண்டியவர்கள் கருதுகிறார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் பெல்ஜியத்தின் கோர்ட்டெஸெம் என்ற ஊரில், மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவருக்கு ஒரு முகத்தின் துண்டு மட்டும் கிடைத்தது. உடைந்த விளிம்பைப் பார்த்தால், அதை வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்கிறார்கள் அங்குள்ள தொல்லியலாளர்கள். கிடைத்த இடத்தை அவர் துல்லியமாகக் குறித்துவைத்திருந்தார். மற்ற துண்டுகள் அந்த மண்ணிலேயே இருக்கின்றனவா என்று இனி தேடிப் பார்க்கலாம்.