ஜீப் வண்டிக்கு எஞ்சின் தேர்ந்த கதை

சாலையில் ஓடும் மோட்டார் காருக்கு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது ஒருவகைக் கணக்கு. சாலையே இல்லாத இடத்தில் ஓடவேண்டிய வண்டிக்குத் தேர்ந்தெடுப்பது வேறுவகைக் கணக்கு. முன்னதில் வேகம் முதலிடம் பெறுகிறது. பின்னதிலோ, சேற்றிலும் மேட்டிலும் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும்போது, எஞ்சின் நின்றுவிடாமல் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இந்த இரண்டாவது கணக்கு எவ்வளவு கடினமானது என்பதற்கு, 1940, 1941ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜீப் வண்டி உருவான வரலாறு நல்ல சான்றாகும்.

1940ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்க ராணுவம் 135 தொழில் நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. நான்கு சக்கரங்களையும் எஞ்சினே இயக்கும் சிறிய உளவு வண்டி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. வண்டி 600 ராத்தல் சுமை தாங்கவேண்டும். மணிக்கு 3 மைல் வேகத்தில் ஊரவும், 50 மைல் வேகத்தில் விரையவும் வேண்டும். எஞ்சினின் முறுக்குவிசை 85 அடி-ராத்தலுக்குக் குறையலாகாது. முதல் மாதிரியை 49 நாட்களில் ஒப்படைக்கவேண்டும். இவை போதாவென்று, வண்டியின் எடை 1,300 ராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 590 கிலோகிராமுக்கு, மிகலாகாது என்றும் விதிக்கப்பட்டது. இலேசான வண்டி சேற்றில் எளிதில் அமிழாது. அமிழ்ந்தாலும் வீரர்கள் சிலர் கூடித் தூக்கிவிடலாம். எனவே விதியின் நோக்கம் நியாயமானதே. ஆனால் அத்தகைய எஞ்சினையும், இயங்கும் அச்சுகள் இரண்டையும், அந்த எடைக்குள் அடக்குவது எவராலும் ஆகாத காரியம். எடையின் வரம்பு பின்னர் 2,160 ராத்தலாக உயர்த்தப்பட்டது.

இங்கே முறுக்குவிசை என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். எஞ்சினின் தண்டு எவ்வளவு பலத்துடன் திருகுகிறது என்பதே முறுக்குவிசை. குதிரைத்திறன் என்பதோ, அந்தத் திருகலையும் அது நிகழும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கிய அளவு. மிகுந்த வேகத்தில் சுழன்றால்தான் முழுத்திறனையும் காட்டும் எஞ்சின், குண்டும் குழியுமான மேட்டில் மெல்ல ஏறுகையில் மூச்சுத் திணறி நின்றுவிடும். மெல்லச் சுழலும்போதே வலுவாகத் திருகும் எஞ்சின்தான் அங்கே கைகொடுக்கும்.

போட்டியில் மூன்று நிறுவனங்கள் மிஞ்சின. அவற்றுள் சிறியதான பான்டம், குறித்த நாளில், அதாவது 1940 செப்டம்பர் 23இல், முதல் மாதிரியை ஒப்படைத்துப் பெருமை பெற்றது. அதன் சொந்தக் கார் எஞ்சின் மிகச் சிறியது. ஆகவே கான்டினென்டல் நிறுவனத்திடமிருந்து 45 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை அது வாங்கிப் பொருத்தியது. அதன் முறுக்குவிசை 86 அடி-ராத்தல். ராணுவம் கேட்டதைவிட ஒன்றே ஒன்று அதிகம். ஃபோர்டு நிறுவனம், தான் செய்துவந்த உழவு டிராக்டரின் எஞ்சினைத் திருத்தியமைத்துக்கொண்டது. வில்லிஸ்-ஓவர்லாண்டு நிறுவனத்திடமோ, தலைமைப் பொறியாளர் டெல்மர் ரூஸ் மேம்படுத்தியிருந்த கார் எஞ்சின் ஒன்று ஆயத்தமாக இருந்தது. நான்கு சிலிண்டர்கள், சுமார் 2,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 60 குதிரைத்திறன். முறுக்குவிசை 105 அடி-ராத்தல். அந்த முறுக்குவிசை நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளிலேயே கிடைத்தது என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

ஆனால் அந்த எஞ்சின் கனமானது. அதைத் தாங்கிய வில்லிஸ் மாதிரியின் எடை 2,400 ராத்தலையும் தாண்டியது. இலேசான எஞ்சினுக்கு மாறுவது ஒரு வழி. எஞ்சினை வைத்துக்கொண்டு மற்ற உறுப்புகளைக் குறைப்பது மற்றொரு வழி. ரூஸ் இரண்டாவதையே மேற்கொண்டார். வண்டி முழுவதும் பிரிக்கப்பட்டு ஒவ்வோர் உறுப்பும் நிறுக்கப்பட்டது. தேவைக்கு மேல் நீண்ட போல்ட்டுகள் வெட்டப்பட்டன. வர்ணப்பூச்சின் எடைகூடக் கணக்கில் சேர்க்கப்பட்டது என்பர். வேடிக்கையாகத் தோன்றினும், முடிவில் வண்டி வரம்புக்குள் அடங்கியது. 1941இல் பெருந்தொகை ஒப்பந்தம் வில்லிசுக்கே கிடைத்தது. ஃபோர்டும் பின்னர் வில்லிஸ் வடிவத்தையும் எஞ்சினையும் ஏற்றே வண்டிகளைச் செய்து தந்தது. முந்திவந்த பான்டம் பந்தயத்தில் பின்தங்கியது.

எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் கியர் அமைப்பின்றிப் பயனில்லை. ஜீப்பில் வைத்த மூன்று கியர் பெட்டி இலேசான கார் வகையைச் சேர்ந்தது. அதன் முதல் கியர் விகிதம் 2.665; அச்சிலுள்ள விகிதம் 4.88. இரண்டையும் பெருக்கினால் 13 மட்டுமே வரும். செங்குத்தான மேட்டிற்கு இது போதாது. பெரிய பெட்டியை வைத்தாலோ எடை கூடும். இதற்கு விடையாக அமைந்தது துணைக் கியர்ப்பெட்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இயக்கத்தைப் பங்கிடுவதற்கு எப்படியும் ஒரு பெட்டி வேண்டும், அதற்குள்ளேயே 1.97 விகிதமுள்ள தாழ்நிலைக் கியரையும் அமைத்துவிட்டனர். மூன்று கியர்கள் ஆறாயின; மொத்த விகிதம் 25.6 ஆயிற்று. உராய்வினால் இழப்பதை நீக்காமல் கணக்கிட்டால், எஞ்சினின் 105 அடி-ராத்தல் சக்கரங்களில் ஏறத்தாழ 2,700 ஆகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 முறை சுழலும்போது வண்டி மணிக்குச் சுமார் 3 மைல் வேகத்தில் ஊரும். ராணுவம் விரும்பிய வேகமும் அதுவே.

இத்தனை பலமும் பின் அச்சின்மீது மட்டும் விழுந்தால் அது முறிந்துபோகக்கூடும். ஆகவே முன் அச்சை இணைத்தாலன்றித் தாழ்நிலைக் கியர் விழாதபடி பூட்டு ஒன்று அமைக்கப்பட்டது. கெட்டியான சாலைக்கு வந்ததும் முன் அச்சின் இணைப்பை ஓட்டுநர் எடுத்துவிடவேண்டும். திருப்பங்களில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள்கின்றன. அந்த வேற்றுமை மண்ணில் வழுக்கலாய்க் கரைந்துவிடும், சாலையில் டயரையும் பற்சக்கரங்களையும் தேய்க்கும்.

1945இல் உழவர்களுக்காக வெளிவந்த ஜீப்பில் எஞ்சின் மாறவில்லை, கியர்களே மாறின. கலப்பை இழுக்கும் வேலைக்கென வலிய கியர்ப்பெட்டி வைக்கப்பட்டு, அச்சின் விகிதம் 5.38 ஆகவும், துணைப் பெட்டியின் விகிதம் ஏறத்தாழ இரண்டரை ஆகவும் உயர்த்தப்பட்டன. பின்னர், உள்ளிழு வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு மாற்றித் திறனை 70 குதிரைத்திறனுக்கு மேல் பெருக்கினர். இதனால் எஞ்சினின் உயரம் கூடியது. பழைய மூடி அதன்மேல் பொருந்தவில்லை. 1953இல் வந்த வண்டிக்கு மூடியை உயர்த்தவேண்டியதாயிற்று. மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பல்லாண்டுகள் உற்பத்தி செய்த ஜீப்பின் முகம் அவ்வளவு நிமிர்ந்து தோன்றியதற்குக் காரணம் இதுவே.