வன்னி வளவுகளிற் களையொழிப்பு: இயற்கை முறையும் இரசாயன முறையும்

களை என்னும் சொல்லே அதன் கதியையும் உணர்த்தி நிற்கின்றது. களையப்படவேண்டியது களை. ஒரு செடி தன்னியல்பாற் களையாவதில்லை. மனிதன் வேறொன்றை வளர்க்க விரும்பிய இடத்தில் வளர்வதனாலேயே அப்பெயரைப் பெறுகின்றது. செங்கோன்மை அதிகாரத்திலே, கொடியோரை அரசன் ஒறுத்தலுக்கு உவமை தேடிய வள்ளுவர் களைபறித்தலையே எடுத்தாண்டார். நாவுக்கரசர் கையிலேந்திய உழவாரமும் திருக்கோயில் வீதியிற் புற்செதுக்கிய கருவியே. ஆகவே களையொழிப்பு நம்மவர்க்குப் புதியதன்று; புதியது இரசாயனமே. இவ்விரு வழிகளுள் வன்னிப் பெருநிலத்து வீட்டுத்தோட்டங்களுக்கு ஏற்றது யாது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் வறண்ட வலயத்தைச் சார்ந்தவை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்கின்றது. முதன் மழை விழுந்த சில நாள்களில், கோடை முழுவதும் மண்ணில் உறங்கிய வித்துகள் ஒருங்கே முளைக்கின்றன. போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியேறியபோது, உழவும் மண்வெட்டியும் படாது கிடந்த வளவுகள் பற்றைக்காடாகி நிற்கக் கண்டன. களைப்பிரச்சினை இங்கு வெறும் அழகுப் பிரச்சினையன்று. மீண்டும் வேரூன்ற முயலும் ஒரு வாழ்வின் பிரச்சினையாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பார்த்தீனியம். வெப்பவலய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களில் இந்தியாவின் புனே நகர்ப்புறத்திலே காணப்பட்டுப் பின்னர் அந்நாடெங்கும் பரவியது. இலங்கையில் இது வவுனியாவிலே 1999 ஆம் ஆண்டு பதிவு செய்யப்பெற்றது. 1987 முதல் 1990 வரை இங்கு நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படையின் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடும் பொருள்களோடும் இது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வித்துகளைத் தரவல்லது. முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திற் பூக்கத் தொடங்குகின்றது. அதனிடத்துள்ள பார்த்தீனின் என்னும் பொருள் அயற்செடிகளின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, தொடுவோர்க்குத் தோலழற்சியையும் விளைவிக்கும். அதன் மகரந்தம் சிலர்க்கு இழுப்பைத் தூண்டும். வட மாகாண விவசாய அமைச்சு இதனை ஒழிக்க இயக்கம் நடத்தியதும் இதனாலேயே.

இனி இரசாயன முறையை நோக்குவோம். களைநாசினிகள் யாவும் ஒரே வகையின அல்ல. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டிச் சந்தைக்கு வந்த 2,4-டி, தாவர வளர்ச்சி ஓமோனைப் போன்று நடித்து அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரச்செய்து கொல்லும். நெல் முதலிய புல்லினங்களைப் பெரும்பாலும் வருத்தாது. ஆயின் காற்றோடு சென்று அயல் வளவின் மிளகாயையும் தக்காளியையும் கெடுக்கவல்லது. 1962 இல் விற்பனைக்கு வந்த பரகுவாற்று, பட்ட இலையைச் சூரிய ஒளியிற் கருகச் செய்யும், வேரைக் கொல்லாது. மனிதன் உட்கொண்டால் அதற்கு மாற்றுமருந்து இல்லை. அதனாலாகிய உயிரிழப்புகள் காரணமாக 2008 முதற் படிப்படியாக இந்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. 1974 இற் சந்தைக்கு வந்த கிளைபோசேற்று, இலைவழி புகுந்து வேர்வரை சென்று, தாவரம் தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களை ஆக்கும் வழியை அடைத்துவிடுகின்றது.

கிளைபோசேற்றின் வரலாறு நாம் கருதத்தக்கது. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015 இல் அதனைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என வகுத்தது; வேறு பல ஒழுங்குமுறை நிறுவனங்கள் அம்முடிபை ஏற்கவில்லை. 1990கள் முதல் வறண்ட வலயத்திலே, வவுனியாவின் சில பகுதிகளிலும், காரணந் தெளியாத சிறுநீரக நோய் பரவியிருத்தலை யாவரும் அறிவர். கடினநீரோடு சேர்ந்த கிளைபோசேற்றே காரணம் என்னும் கருதுகோள் 2014 இல் முன்வைக்கப்பட்டது, அது நிறுவப்படவில்லை. எனினும் அரசு 2015 இல் அதனைத் தடைசெய்தது. 2018 இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தளர்த்தி, 2022 இல் தடையை நீக்கியது. ஐயம் வேறு, நிறுவப்பட்ட உண்மை வேறு. ஆயினும் வீட்டுக் கிணற்று நீரையே பருகும் வன்னி மக்களுக்கு ஐயத்தையும் பொருட்படுத்தும் உரிமை உண்டன்றோ?

இயற்கை என்னும் பெயர் தாங்கியதெல்லாம் நன்றென்பதும் பொருந்தாது. செறிந்த கறியுப்புக் கரைசல் பார்த்தீனியத்தைக் கருகச்செய்யும். ஆனால் உப்பிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, அவ்விடத்திற் பயிரும் வளராதபடி செய்துவிடும். தோட்டத்திற்கு அது ஆகாது. பார்த்தீனினும் இயற்கை தந்த நஞ்சே என்பதை மறத்தலாகாது.

மறுபுறம், பகைப்பூச்சியைக் கொண்டு களையை வெல்லும் முறை வியத்தகு பயன் தந்ததுண்டு. 1860களில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சி நாகதாளிக் கள்ளியை அடக்கியது. களையை ஒழிக்கவென ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே பூச்சி கொண்டுசெல்லப்பட்ட முதல் நிகழ்ச்சியாக அது கருதப்படுகின்றது. பார்த்தீனியத்தை உண்ணும் மெக்சிக்கோ நாட்டு வண்டு 1984 இற் பெங்களூரில் விடப்பட்டது. ஆயின் இம்முறை அரசும் ஆராய்ச்சி நிலையங்களும் ஆற்றவேண்டியது, தனியொருவர் முயலத்தக்கதன்று.

வீட்டார் செய்யக்கூடியவை யாவை? களையின் வாழ்க்கை முறையை அறிதலே முதற்படி. பார்த்தீனியம் வித்தினால் மட்டும் பெருகும் செடி. பூக்குமுன், மழையால் மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்கினால் அதன் கதை முடிந்தது. பூவாத செடியைக் கூட்டெருவாக்கலாம். பூத்ததை எருக்குழியில் இடலாகாது. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாது காவிளாய், தகரை போன்றவற்றை வளரவிட்டால் அவை மீண்டும் அது தலையெடுக்க இடங்கொடா. கிளைபோசேற்றும் முளைத்த செடியைக் கொல்லும். மண்ணிலுள்ள வித்தை ஒன்றுஞ் செய்யாது. எனவே மருந்து தெளித்தவரும் அடுத்த மழைக்குப் பின் மீண்டும் வயலிறங்கவே வேண்டும்.

கோரையின் நிலை வேறு. அதனை மேலாகப் பிடுங்கினால் நிலத்தடிக் கிழங்குகள் தப்பி மீண்டும் தளிர்க்கும். கோடையில் ஆழக் கொத்திக் கிழங்குகளை வெயிலிற் காயவிடுதலும், தளிர்க்குந்தோறும் விடாது செதுக்கி அவற்றின் சேமிப்பைத் தீர்த்தலும், நிழல் பொறாத அதன் இயல்பறிந்து அடர்ந்து படரும் பயிரை நடுதலும் பயன்தரும். இரசாயனத்துக்குச் சிறிதேனும் நியாயம் உண்டெனின் அது இத்தகைய கிழங்குக் களைகளிடத்தேயாம். அதுவும் உறங்கும் கிழங்குகளை எட்டுவதில்லை.

ஓராண்டுக் களைகளுக்கு இன்னும் எளிய வழியொன்றுண்டு. முதன் மழையோடு விதைக்காது, பாத்தியை அமைத்துக் களையை முளைக்கவிட்டு, அதனை மெல்லச் செதுக்கியபின் நடுதல். நட்ட பின் வைக்கோலாலோ சருகாலோ மூடாக்கு இட்டால் ஒளியின்றி வித்து முளையாது, ஈரமும் காக்கப்படும்.

இயற்கை முறைக்கும் விலையுண்டு, அது உழைப்பு. ஆள் குறைந்த குடும்பத்துக்கு அவ்விலை பெரிது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் கால் ஏக்கர் வளவில், உரிய காலத்தில் எடுத்த ஒருநாள் உழைப்பு, காலந்தாழ்த்திய பத்துநாள் உழைப்பையும் ஒரு போத்தல் நஞ்சையும் மிச்சப்படுத்தும். பரந்த வயலுக்கும் வீதியோரத்துக்கும் பொருந்தும் முடிபு, குழந்தை தவழும் முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் பொருந்தாது. எனவே வீட்டுத்தோட்டத்திற் கையும் உழவாரமும் மூடாக்குமே முதற்கருவிகள். இரசாயனம் வேறு வழியற்றவிடத்து, அறிந்தோர் வழிகாட்ட, அளவறிந்து கைக்கொள்ளத்தக்க இறுதிக் கருவி. அயல் வளவிற் பூத்த பார்த்தீனியம் நம் வளவுக்கும் வித்தனுப்புமாதலால், இது ஊர் கூடிச் செய்யவேண்டிய பணியுமாகும். அப்பணியில் மாணவர் முன்னிற்பாராக.