வேலை மாறலாமா, பொறுக்கலாமா?

மட்டாஞ்சேரி மிளகு மண்டியில் கணக்கெழுதும் தமிழ்ப் பெண்ணுக்கு, அக்கரை எர்ணாகுளத்தில் கூடுதல் சம்பளத்தில் வேலை வருகிறது. குழந்தைக்குக் காத்திருக்கும் நேரம். "முதலில் பிள்ளை பிறக்கட்டும்" என்கிறார் மாமியார். கணவருக்கோ வாடகைக் கவலை.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 1961 சட்டம் தந்த 12 வாரம், 2017-ல் முதலிரு பிரசவங்களுக்கு 26 வாரமாயிற்று. இன்னும் உண்டாகாதவள் இப்போது மாறினால் 80 நாள் தாராளமாகத் தேறும். ஏழாம் மாதத்தில் மாறினால்தான் இடிக்கும்.

சிக்கல் வேறிடத்தில். புதுக் கடையில் பத்துப் பேருக்குக் குறைவென்றால் இந்த விடுப்பே கிடையாது. சம்பளத்துக்கு முன் ஆள் கணக்கைக் கேட்பது நல்லது. இ.எஸ்.ஐ. பிடிக்கும் இடமானால் பழைய எண்ணே தொடரும். விட்ட வேலையில் கட்டிய சந்தாவும் சேரும்.