கண் மங்குவதெல்லாம் புரை அல்ல



நமது லயங்களில் வயதானவர்கள் "கண்ணு சரியாத் தெரியல" என்று சொன்னால், நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "வயசு போனா அப்படித்தான்." மற்றது, "பூ விழுந்திருக்கும், நல்லா முத்தட்டும், பிறகு ஒப்பரேஷன் செய்துக்கலாம்." இரண்டாவது பதில் பல பேருடைய விஷயத்தில் சரியாகவும் இருக்கும். புரை என்பது வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான். அதற்குச் செய்யும் ஒப்பரேஷனும் நல்ல பலன் தருவதுதான்.

ஆனால் இந்த இரண்டு பதிலிலும் அடங்காத ஒரு கண் நோய் இருக்கிறது. அது வந்த பின் முத்தட்டும் என்று காத்திருந்தால், போன பார்வை திரும்பி வராது. வயது முதிர்ச்சியால் விழித்திரையின் நடுப்பகுதி கெடுவதே அந்த நோய். டொக்டர்மார் இதை "மாகுலா சிதைவு" என்பார்கள். 50 வயதுக்கு மேல்தான் இது வரும். வயது ஏற ஏற வரக்கூடிய வாய்ப்பும் கூடும்.

கண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கண்ணின் முன்பக்கத்தில் லென்ஸ் இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய், பின்சுவரில் விழுகிறது. அந்தப் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. பழைய கெமராவில் பிலிம் சுருள் செய்த வேலையை இது செய்கிறது. விழித்திரையின் நடுவில் ஏறக்குறைய ஒரு மிளகு அளவுக்கு, அதாவது 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஓர் இடம் உண்டு. அதுதான் மாகுலா. ஊசியில் நூல் கோர்ப்பது, சம்பளத் துண்டு வாசிப்பது, எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவது, எல்லாம் இந்த இடத்தின் வேலை. சுற்றியுள்ள மற்றப் பகுதி பக்கத்தில் உள்ளவற்றைக் காட்டும்.

விழித்திரையில் விழும் படத்தை மூளைக்குக் கொண்டு போவது பார்வை நரம்பு. ஒவ்வொரு கண்ணின் நரம்பிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் உள்ளன. மாகுலா கெட்டால் படமே பழுது. நரம்பு கெட்டால் படம் நன்றாக இருந்தும் மூளைக்குப் போய்ச் சேராது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் எப்படி வருகிறது?

லயத்துக் கானை எடுத்துக்கொள்வோம். தினமும் கூட்டி விட்டால் அழுக்குத் தண்ணீர் ஓடிவிடும். கூட்டாமல் விட்டால் குப்பை சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மாகுலாவுக்கு அடியிலும் இப்படிக் கழிவை அகற்றும் ஒரு படலம் இருக்கிறது. வயதாகும்போது அதன் வேலை தளர்ந்து, சிறு சிறு மஞ்சள் படிவுகள் சேருகின்றன. மேலேயுள்ள பார்வைக் கலங்கள் மெதுவாக வாடுகின்றன. இது உலர்ந்த வகை. வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். பெரும்பாலானோருக்கு இருப்பது இதுதான்.

சுமார் பத்தில் ஒருவருக்கு ஈர வகை வருகிறது. கெட்டுப்போன இடத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை. நீரும் இரத்தமும் கசிந்து மாகுலாவை மேலே தூக்கிவிடும். அதனால்தான் நேரான பொருள் வளைந்து தெரிகிறது. இது வருடக்கணக்கில் அல்ல, நாட்களிலும் கிழமைகளிலும் பார்வையைக் கெடுத்துவிடும். உலர்ந்த வகை உள்ளவருக்கும் பிறகு ஈர வகை வரலாம்.

மூன்று நோய், மூன்று அடையாளம்

புரையில் லென்ஸ் வெளுத்துப் போகிறது. பனி மூடிய மலையைப் பார்ப்பது போல எல்லாமே மங்கலாக இருக்கும். ஒப்பரேஷன் செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். முத்தும் வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு.

மாகுலா நோயில் நடு மங்கி, ஓரம் தெரியும். ஆளின் தோள் தெரியும், முகம் தெரியாது. கடிகாரத்தின் விளிம்பு தெரியும், முள் தெரியாது.

கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு கெடுகிறது. இதில் முதலில் ஓரப் பார்வை போகும், நடு கடைசி வரை இருக்கும். வலியும் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. ஆனால் சொட்டு மருந்தால் மேலும் போகாமல் தடுக்கலாம். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை டொக்டரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் விட்டாலும் கண் அழுத்தம் ஏறும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை உங்கள் கண்ணில் விடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையில் வேறு விதமான பழுதும் வரும். கண் தெளிவாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை அவர்கள் கண்ணைக் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு கண் கெட்டுப்போனாலும் மற்றக் கண் அதை மறைத்துவிடும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருக்கும் வரை குறை தெரியாது. ஆகவே ஒவ்வொரு கண்ணையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். நடுவில் பேனையால் கறுப்புப் புள்ளி ஒன்று வையுங்கள். வாசிக்கக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல வெளிச்சத்தில், தாளை ஓர் அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். கோடுகள் வளைகின்றனவா? சில கட்டங்கள் காணாமல் போகின்றனவா? நடுவில் கறுப்புத் திட்டு தெரிகிறதா? சுவிட்சர்லாந்து கண் டொக்டர் மார்க் அம்ஸ்லர் என்பவரின் பெயரால் வழங்கும் அட்டை ஒன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதுவும் இந்தக் கட்டக் கோடுதான். வாசிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். தாள் இல்லாவிட்டால் கதவு நிலையைப் பார்த்தாலும் போதும், அது நேராகத் தெரிய வேண்டும்.

கோடு வளைந்தால் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அந்தக் கிழமைக்குள் காட்ட வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் விஷயத்தைச் சொல்லித் துண்டு எழுதி வாங்குங்கள். "கண்ணு மங்குது" என்று மட்டும் சொல்லாமல், "நேர்கோடு வளைஞ்சு தெரியுது, நடுவுல மறைக்குது, இத்தனை நாளாச்சு" என்று விவரமாகச் சொல்லுங்கள். நுவரெலியா, கண்டி, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு உண்டு. அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாவையை விரித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளது தெரியாது. ஆகவே கூட ஒருவர் போக வேண்டும். போகிறவருக்கு ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மைதான். ஆனால் போன பேரை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம். போன பார்வையை அப்படி எடுக்க முடியாது.

என்ன மருத்துவம் இருக்கிறது?

ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. 2006ஆம் ஆண்டளவில் வழக்கத்துக்கு வந்த இந்த மருந்துகள் புதுக் குழாய்களின் கசிவை நிறுத்துகின்றன. கண்ணில் ஊசி என்றதும் பயப்பட வேண்டாம். மரத்துப்போகும் மருந்து விட்டபின் தான் போடுவார்கள். முதலில் மாதம் ஒன்று வீதம் சில மாதங்கள், பிறகு டொக்டர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். "இப்ப நல்லாத் தெரியுது" என்று நடுவில் நிறுத்தினால் கசிவு மறுபடி தொடங்கும். ஊசி போட்ட பின் கண் சிவந்து வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ உடனே திரும்பப் போக வேண்டும்.

உலர்ந்த வகையைக் குணப்படுத்த மருந்து இல்லை. நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட அளவில் விற்றமினும் துத்தநாகமும் சேர்ந்த குளிசை நோய் முற்றும் வாய்ப்பைக் கால்வாசி அளவு குறைக்கிறது என்று 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. அந்தக் குளிசையில் அன்று இருந்த பீற்றா கரோட்டின், புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். அதனால் 2013க்குப் பின் அதை நீக்கி வேறு சத்துகளைச் சேர்த்தார்கள். இவற்றை டொக்டரிடம் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம்.

நம் கையில் உள்ளவை

முதலாவது, சிகரட்டும் பீடியும் சுருட்டும். புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். எந்த வயதில் விட்டாலும் நன்மை உண்டு.

இரண்டாவது, சாப்பாடு. முருங்கைக் கீரை, பொன்னாங்காணி, அகத்தி போன்ற கரும்பச்சைக் கீரைகளிலும் முட்டை மஞ்சள் கருவிலும் மாகுலாவுக்கு வேண்டிய சத்து இருக்கிறது. நெத்தலி, சாளை மீனும் நல்லது. கரட் மாலைக்கண் வராமல் தடுக்கும், ஆனால் இந்த நோயை மாற்றாது. பிரஷர் இருந்தால் அதையும் கட்டுப்பாட்டில் வையுங்கள்.

மூன்றாவது, கண்ணில் தாய்ப்பாலோ, இலைச் சாறோ, தேனோ விடக்கூடாது. விழித்திரை பின்னால் இருக்கிறது, முன்னால் விடும் சாறு அங்கே போகாது. கிருமி போய்க் கருவிழியில் புண் வந்து, இருக்கிற பார்வையும் கெடும்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை

இந்த நோயால் கண் முழுவதும் இருண்டு போகாது. ஓரப் பார்வை இருப்பதால் நடக்கலாம், சமைக்கலாம், பேரப் பிள்ளைகளைக் கவனிக்கலாம். ஆனால் அம்மாயி எதிரில் வரும் மருமகளைப் பார்த்தும் பேசாமல் போனால், "கர்வம் பிடிச்சிட்டா" என்று கோபிக்காதீர்கள். முகம் தெரிந்திருக்காது. நீங்களே பெயர் சொல்லிப் பேசுங்கள். வாசற்படி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். அடுப்படியில் நல்ல பல்பு போடுங்கள். மருந்துப் போத்தலில் பெரிய அடையாளம் ஒட்டுங்கள்.

இன்னொன்று. பார்வை மிகக் குறைந்த சிலருக்கு, இல்லாத ஆட்களும் பிள்ளைகளும் பூக்களும் கண் முன்னே தெரியும். 1760இல் சுவிட்சர்லாந்தின் சார்ள்ஸ் பொனே என்பவர், பார்வை மங்கிய தன் பாட்டனாருக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார். வரும் படம் குறைந்துபோனதால் மூளை தானாகப் படம் காட்டுகிறது. அது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. கோடாங்கிக்காரரிடம் கொண்டு போய்ப் பணத்தையும் நாளையும் செலவழிக்காமல் கண் டொக்டரிடம் சொல்லுங்கள். பல வயதானவர்கள் பைத்தியம் என்பார்களே என்று பயந்து இதை யாருக்கும் சொல்வதில்லை. அவர்களாகச் சொல்லும்படி அன்பாகக் கேளுங்கள்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது நாம் அடிக்கடி சொல்லும் பேச்சு. இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில், வீட்டில் 50 வயது தாண்டிய எல்லாரையும் உட்கார வைத்து, கொப்பித் தாளைக் காட்டி, ஒரு கண் ஒரு கண்ணாகப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.