வலியில்லாத காமாலையைச் சாதாரணமா நினைக்காதீங்க!

குருத்துப்பூச்சி விழுந்தால் நெல்லில் நடுக்குருத்து காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வேர்ப்புழு அப்படியில்லை. மேலே வாடல் தெரியும்போது கீழே வேரே போயிருக்கும். கணையப் புற்றுநோயும் அந்த ரகம்தான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. செரிமான நீரும் இன்சுலினும் சுரப்பது இதன் வேலை. இங்கே வரும் கட்டி சிறிதாக இருக்கும்போது கைக்குத் தட்டுப்படாது, பெரும்பாலும் வலிக்காது. சாதாரண வயிற்று ஸ்கேனிலும் தப்பிவிடலாம். மார்பகப் புற்றுக்கு மேமோகிராம் இருப்பதுபோல எல்லாருக்கும் செய்து பார்க்கும் பரிசோதனை இதற்குக் கிடையாது. சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் கணைய அழற்சி, பித்தநாள அடைப்பு இருந்தாலும் அந்த அளவு கூடும். ஆரம்பப் புற்றில் கூடாமலும் போகும்.

அதனால் கண்டுபிடிக்கும்போதே 100 பேரில் சுமார் 80 பேருக்கு அறுவை சிகிச்சைக் கட்டம் தாண்டிவிடுகிறது. அமெரிக்காவிலேயே 5 ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் 100க்கு 13 பேர்தான். கட்டியைச் சுற்றி நார்போலத் தடித்த திசு வளர்வதால் மருந்தும் உள்ளே எளிதில் போவதில்லை. கணையத் தலையில் கட்டி என்றால் முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் சேர்த்து எடுக்கும் 'விப்பிள்' என்ற பெரிய அறுவை தேவைப்படும்.

நம்ம ஊரில் கண் மஞ்சளானால் உடனே கீழாநெல்லிதான். கிருமியால் வரும் காமாலை பல நேரம் தானாகவே தணிந்துவிடும். மருந்து கேட்டதுன்னு நினைச்சுக்குவோம். கணையக் கட்டி பித்தக்குழாயை அழுத்தி வரும் காமாலை வேறு. வாய்க்காலில் பாறை விழுந்து கிடக்கும்போது மோட்டாரைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்? கஷாயத்தில் போகும் ஒரு மாதத்தில் அறுவைக்கான வாய்ப்பே போய்விடலாம்.

பூச்சிக்கொல்லிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பெண்டிமெத்தலின் களைக்கொல்லியை அதிகம் கையாண்டவர்களிடம் இந்நோய் கூடுதலாக இருந்தது. நோயாளிகள் எண்ணிக்கை குறைவு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. புகையிலையோ உறுதியான காரணம். புகைப்பவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. களைக்கொல்லியை விட்ட நாம் பீடியையும் விடணும்.

கவனிக்க வேண்டியவை இவை:

- வலியில்லாமல் வரும் காமாலை, உடல் அரிப்பு, வெளுத்த மலம், கருத்த சிறுநீர்
- காரணமில்லாமல் எடை குறைதல், பசியின்மை
- மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி, படுத்தால் கூடுவது
- 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த சர்க்கரை நோய், கூடவே எடைக்குறைவு

இவை இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், கணையத்தைச் சிடி ஸ்கேனில் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த உறவில் யாருக்காவது இந்நோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நஞ்சில்லா உணவு உடம்புக்கு நல்லது. வந்த கட்டியை அது கரைக்காது.