கத்திரி வெயிலும் பழைய காரும்

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் இந்தப் பழமொழிக்கு உரை எழுத எவரும் தேவையில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பெரிய தூரமல்ல. ஆனால் குளிர்சாதன வசதி இல்லாத பழைய காரில், உச்சிப் பொழுதில், ஐந்தாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து செல்லும்போது அந்தத் தூரம் இரு மடங்காகத் தோன்றும்.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸிடர், பம்பாயில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே ஒரு காலத்தில் நம் சாலைகளில் ஓடிய கார்கள். இவற்றுள் நெடுங்காலம் நிலைத்த அம்பாஸிடரும் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும் தாத்தா வாங்கிய காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அத்தகைய காரைக் கோடையில் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள நம் ஊரார் கையாண்ட எளிய வழிகள் எவை, அவற்றுக்குப் பின்னால் உள்ள அறிவியல் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கார் ஏன் அடுப்பாகிறது?

சூரிய ஒளி கண்ணாடி வழியே எளிதாக உள்ளே நுழைகிறது. ரெக்ஸின் இருக்கையும் டாஷ்போர்டும் அதை உட்கொண்டு சூடாகின்றன. அவற்றைத் தொடும் காற்றும் சூடாகிறது. வெளியில் உள்ள சூடான காற்று மேலே எழும்பிச் சென்றுவிடும். மூடிய காருக்குள் இருக்கும் காற்றுக்கோ போக வழியில்லை. மேலும், சூடான பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. ஆகவே வெப்பம் வரவு மட்டும் உள்ள கணக்காகப் பெருகிக்கொண்டே போகிறது.

2005-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டனர். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே உயர்ந்துவிட்டது! கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

நிறுத்தி வைக்கும்போது

முதல் மருந்து நிழல். வேப்ப மரமோ புங்க மரமோ கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை. மரம் இல்லாத இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் தென்னங்கீற்றையோ கோரைப்பாயையோ காரின் கூரைமேல் விரித்துவிடுவார்கள். கீற்றுக்கும் தகரத்துக்கும் இடையே காற்று உலவ இடமிருப்பதால், கீற்று வாங்கிய சூடு தகரத்துக்கு முழுதாக இறங்குவதில்லை. முன் கண்ணாடிக்கு உட்புறம் பழைய செய்தித்தாளையோ அட்டையையோ நிறுத்தி வைப்பதும், இருக்கையின்மீது பருத்தித் துண்டு விரிப்பதும், ஸ்டியரிங்கைத் துணியால் மூடுவதும் இத்தகையனவே. காரை எடுக்கும்போது அட்டையை அகற்றிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நிறத்துக்கும் இதில் பங்குண்டு. 2011-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் அருகருகே வெயிலில் நிறுத்திப் பார்த்தனர். வெள்ளி நிறக் காரின் உட்புறக் காற்று 5 அல்லது 6 டிகிரி குறைவாக இருந்தது. நம் அரசு அலுவலகங்களில் நின்ற வெள்ளை அம்பாஸிடர்களுக்கு அந்த நிறம் வெயிலிலும் உதவியிருக்கிறது.

வெயிலில் நின்ற காரில் ஏறுமுன் செய்ய வேண்டிய ஒரு சிறு வித்தை உண்டு. ஒரு பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறிபோல் திறந்து மூட வேண்டும். உள்ளே அடைபட்ட அனல் காற்று வெளியேற, வெளிக்காற்று உள்ளே புகும். செலவில்லாத வழி, தங்கை தம்பியரும் மகிழ்ச்சியோடு செய்வார்கள்!

வெட்டிவேரும் தண்ணீரும்

குளிர்ச்சி என்றவுடன் நம் கடலூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வெட்டிவேர். நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய நம் கடலோர மணற்பாங்கான ஊர்களில் பயிராகும் செல்வம் அது. பேரரசர் அக்பரின் காலத்தில் எழுதப்பட்ட அயினி அக்பரியிலேயே இவ்வேரால் அமைத்த குளிர்ந்த குடில்களைப் பற்றிய குறிப்பு உள்ளது. வெட்டிவேர்த் தட்டியை வாசலில் தொங்கவிட்டு நீர் தெளிப்பது வட இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் நெடுநாள் வழக்கம். அதே தட்டியைச் சிறிதாகக் கட்டிக் காரின் பின் ஜன்னலில் பொருத்தி, அவ்வப்போது நீர் தெளித்தால், ஓடும் காரில் புகும் காற்று மணத்தோடும் குளிர்ச்சியோடும் வரும். தட்டி இல்லாதவர்கள் ஈரத் துண்டைப் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே முறை இருந்தது. 1930-களுக்குப் பின் அங்குள்ள பாலைவனச் சாலைகளில் சென்றவர்கள், நீர் நிரப்பிய உருளை வடிவப் பெட்டியொன்றைக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்வார்கள். உள்ளிருக்கும் ஈரப் பொருளின் வழியே காற்று புகுந்து குளிர்ந்து வரும். வெட்டிவேர்த் தட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் தத்துவம் ஒன்றே.

அந்தத் தத்துவம் யாது? நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோ ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோ ஜூல் வேண்டும். அதாவது எட்டு மடங்கு! நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் சுமார் 3600 கிலோ ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. கார்க் கூரைமேல் நனைத்த சாக்கைப் போட்டு, அதிலிருந்து சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் அத்தனை வெப்பமும் அதோடு போய்விடும். மண்பானை நீர் குளிர்வதும், லாரி ஓட்டுநர்கள் தண்ணீர்க் கேனை ஈரச் சாக்கில் சுற்றித் தொங்கவிடுவதும் இக்காரணத்தாலேதான்.

கடற்காற்றின் குறுக்கீடு

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஈரச் சாக்கும் வெட்டிவேரும் எல்லா நேரத்திலும் ஒரே பலனைத் தருவதில்லை. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு விரைவாக நீர் ஆவியாகும். 40 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை இம்முறையில் ஏறத்தாழ 22 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. 34 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றையோ 29 டிகிரிக்குக் கீழே கொண்டுவர இயலாது. நடைமுறையில் இந்த எல்லைகளையும் முழுவதும் எட்ட முடிவதில்லை.

ஆகவே நம் மாவட்டத்திலேயே விருத்தாசலம் பக்கம் செல்பவருக்கு வெட்டிவேர்த் தட்டி நன்கு உதவும். கடலூரிலும் சிதம்பரத்திலும் முற்பகலில் மேலைக்காற்று உலர்ந்து வீசும் வரையில் அது பயன் தரும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் ஈரத் துணியால் புழுக்கமே மிகும். அப்போது தட்டியை எடுத்துவிட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிக் காற்றோட்டத்தை நாடுவதே அறிவுடைமை. பழைய கார்களின் முன் கதவில் உள்ள முக்கோணக் கண்ணாடியைச் சற்றே திருப்பி வைத்தால் அது வெளிக்காற்றை வாரி நம்மேல் வீசும். மின்சாரமும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். புதிய கார்களில் அத்தகைய திறக்கும் கண்ணாடி மறைந்துபோனது வருந்தத்தக்கதே.

எஞ்சினின் தாகம்

உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமா வெயில்? எஞ்சினுக்கும் உண்டு. எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுபட்டு ஆறுகிறது. ரேடியேட்டரின் இடுக்குகளில் பூச்சியும் புழுதியும் அடைத்திருந்தாலும், விசிறியைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தாலும் நீர் கொதித்துவிடும். கோடைக்கு முன் இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டாலே பாதிக் கவலை தீரும். கடலோரக் கிணறுகளின் உப்பு நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். சேமித்த மழைநீர் அதைவிட நல்லது.

வழியில் ரேடியேட்டரில் சிறு கசிவு ஏற்பட்டால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஊர் வந்து சேர்வது பழைய ஓட்டுநர்களின் கைமருந்து. தூள் ஊறி ஓட்டையை அடைக்கும். ஆனால் அது நல்ல குழாயையும் அடைக்கக்கூடும். ஊர் சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் காட்டிக் கழுவிவிட வேண்டும்.

சில வேளை ரேடியேட்டர் கொதிக்காமலே எஞ்சின் நின்றுவிடும். கடும் வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போவதே காரணம். அப்போது பானட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றிச் சிறிது நேரம் காத்திருந்தால் ஆவி மீண்டும் பெட்ரோலாகி வண்டி கிளம்பும். மின் கம்பிகளில் நீர் படாதவாறு துணியைப் பிழிந்து சுற்ற வேண்டும்.

செய்யத் தகாதவை

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் குறைந்து, நீர் பொங்கி முகத்தில் பாயும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணியைப் போட்டு மெதுவாகத் திருக வேண்டும்.

சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு விரிசல் விடக்கூடும். வெயிலில் காய்ந்த முன் கண்ணாடியில் குளிர்ந்த நீரை வீசினால் அதற்கும் அதே கதி. ஈரச் சாக்கை இரவு முழுவதும் கூரையிலேயே விட்டுவிடுவதும் தவறு. உப்புக் காற்று வீசும் நம் ஊரில் தகரம் துருப்பிடிக்க அதுவே போதும். 2019-இல் அகமதாபாத்தில் ஒருவர் தம் கார் முழுவதும் சாணம் மெழுகிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. சாணப் பூச்சு வெயிலைச் சிறிது தடுக்கலாம். ஆனால் ஒரு கீற்றும் மர நிழலும் செய்யும் வேலைக்கு அத்தனை பாடு எதற்கு?

யாவற்றிலும் முக்கியமானது

இதுவரை கூறியவை வசதிக்காக. இனிக் கூறுவது உயிருக்காக. மூடிய காரின் வெப்பம் அரை மணியில் எவ்வளவு ஏறுகிறது என்று மேலே கண்டோம். சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட மிக விரைவில் சூடேறும். அமெரிக்காவில் சராசரியாக ஆண்டுக்கு 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் காருக்குள் வெப்பத்தால் இறக்கின்றனர். அது தொலைநாட்டுச் செய்தி என்று இருந்துவிட முடியாது. 2022 ஜூன் மாதம் நம் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் புகுந்த மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிர்நீத்தார்கள்.

வீட்டு முற்றத்தில் ஓடாமல் நிற்கும் பழைய கார் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு வீடு. அதன் கைப்பிடி இறுகியிருக்கலாம். கதவு உள்ளிருந்து திறக்காமலும் போகலாம். ஆகவே அன்பார்ந்த பெற்றோரே, ஓடாத காரானாலும் அதைப் பூட்டி வையுங்கள்; சாவியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். "ஐந்தே நிமிடம், கடைக்குப் போய் வந்துவிடுகிறேன்" என்று குழந்தையைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். அன்புச் சகோதரிகளே, தம்பி தங்கையரைக் காணவில்லையென்றால் கிணற்றடியைப் பார்ப்பதுபோலக் காரையும் உடனே பாருங்கள். உள்ளே அடைபட நேர்ந்தால் ஹார்னை விடாமல் அழுத்த வேண்டும் என்று அவர்களுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள். பழைய காரில் பேட்டரி இறங்கி ஹார்ன் ஒலிக்காமலும் போகக்கூடும். ஆதலால் கண்ணாடியைத் தட்டிக் கூவவும் பழக்குங்கள்.

கீற்றும் சாக்கும் வெட்டிவேரும் விலை மிகுந்த பொருள்கள் அல்ல. அவற்றை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவே அவற்றுக்கு மதிப்பைத் தருகிறது. வகுப்பில் நாம் படிக்கும் ஆவியாதலும் வெப்பக் கதிர்வீசலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல், ஒரு குடும்பத்தின் பயணத்தை இதமாக்கவும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கவும் உதவுமானால் அதைவிடச் சிறந்த மதிப்பெண் நமக்கு வேறென்ன வேண்டும்?