சிரிப்பில் மட்டும் உயிர் வாழும் விளையாட்டுகள்

புது தில்லி: தலைநகரின் கன்னாட் பிளேஸ் பகுதியில், தரைக்கு அடியில் அமைந்துள்ள பாலிகா பஜாருக்கு 1990-களில் சென்றவர்களுக்கு, கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த விடியோ கேம் கேசட்டுகள் நினைவிருக்கக்கூடும். "9999 விளையாட்டுகள்" என்று மேலட்டையில் அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு எடுத்துச் சென்று தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துப் பார்த்தால், ஒரு சில விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. யார் தயாரித்தது என்பதும் தெரியாது.

அன்று ஏமாந்த சிறுவர்கள் இன்று நடுத்தர வயதினர். அந்தப் பழைய விளையாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் அபத்தங்களைக் கேலி செய்து விமர்சிக்கும் விடியோக்கள் இணையத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டன. ஆங்கிலத்தில் தொடங்கிய இந்த வழக்கம் இந்தியிலும் பரவியுள்ளது. வெளிநாட்டு விளையாட்டுகளோடு, இந்திய நிறுவனங்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தயாரித்த விளையாட்டுகளும் இந்தக் கேலிக்கு இலக்காகின்றன.

பொழுதுபோக்குத்தானே என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. இந்திய விடியோ விளையாட்டுத் துறையின் தொடக்க கால வரலாற்றைப் பாதுகாக்க, சட்டப்படியான பொது ஏற்பாடு எதுவும் நாட்டில் இல்லை. அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பவை இந்தக் கேலி விடியோக்களே. வரலாற்றின் சுமையைச் சிரிப்பு எவ்வளவு தூரம் சுமக்கும் என்பதுதான் கேள்வி.

எரிச்சலே மூலதனம்

இந்த வகை விமர்சனத்துக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரோல்ஃப். 1987-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட "காசில்வேனியா 2" என்ற விளையாட்டைப் பற்றி, 2004-இல் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சிறு விடியோவை அவர் எடுத்தார். 2006-இல் அது யூ டியூபில் ஏறியது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள், மூக்குக் கண்ணாடி, வாய் நிறைய வசை என்று அவர் உருவாக்கிய "கோபக்கார விடியோ கேம் பித்தர்" என்ற பாத்திரம் விரைவிலேயே பல நாடுகளில் ரசிகர்களைப் பெற்றது. அவரைப் பின்பற்றிப் பலர் புறப்பட்டனர்.

வசைக்குப் பின்னால் நியாயமான விமர்சனமும் இருந்தது. "காசில்வேனியா 2" விளையாட்டில் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை ஊர் மக்கள் சொல்லும் குறிப்புகளிலிருந்து ஊகிக்க வேண்டும். ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அக்குறிப்புகள் பொருள் விளங்காத வாக்கியங்களாகிவிட்டன. விளையாடிய சிறுவனோ, தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று எண்ணிக்கொண்டான். குறை உன்னிடம் இல்லை, விற்றவனிடம்தான் என்று பல ஆண்டுகள் கழித்து ஒருவர் உரக்கச் சொன்னபோது, அது நுகர்வோரின் தாமதமான வழக்காடலாகவே ஒலித்தது.

இந்தியாவில் அந்த எரிச்சலுக்கு வேறொரு பின்னணியும் உண்டு. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுமையாக நீக்கப்பட்டன. அதுவரை நின்டெண்டோ, சேகா போன்ற நிறுவனங்களின் அசல் கருவிகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தன. எட்டியவை, அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்ட கிழக்காசிய நகல்கள். "கான்ட்ரா", "மாரியோ" ஆகியவற்றை ஒரு தலைமுறை அறிந்துகொண்டது இந்த நகல்கள் வழியாகத்தான். எனவே, பழைய கேசட்டைக் கேலி செய்யும் விடியோவைப் பார்த்துச் சிரிப்பவர், தாராளமயம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த காலத்தையும் சேர்த்தே நினைவுகூர்கிறார். மாநிலம் கடந்து, மொழி கடந்து இந்த விடியோக்களுக்குக் கிடைக்கும் வரவேற்பின் அடிப்படை இதுவே.

ஐந்து வாரத்தில் ஒரு விளையாட்டு

ஆனால், கேலிக்குக் குற்றவாளி ஒருவர் உடனடியாகத் தேவை. காரணங்களை ஆராயும் பொறுமை அதற்கு எப்போதும் இருப்பதில்லை. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1982 டிசம்பரில் வெளியிட்ட "ஈ.டி." விளையாட்டு இதற்குச் சரியான உதாரணம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படத்தை ஒட்டி வந்த அந்த விளையாட்டு, "உலகிலேயே மிக மோசமான விளையாட்டு" என்ற பட்டத்துடன் பல்லாண்டுகளாகக் கேலிக்கு ஆளானது. விற்காமல் திரும்பிய கேசட்டுகளை 1983-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அங்கு தோண்டியபோது அவை வெளியே வந்தன. ரோல்ஃப் அதே ஆண்டு வெளியிட்ட திரைப்படத்தின் கதையும் இந்தப் புதையலைச் சுற்றியதுதான்.

அந்த விளையாட்டை உருவாக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா, அதே 1982-இல் "யார்ஸ் ரிவெஞ்ச்" என்ற வெற்றிகரமான விளையாட்டைத் தந்தவர். "ஈ.டி." விளையாட்டுக்கு அவருக்குக் கிடைத்த அவகாசமோ சுமார் ஐந்து வாரங்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கேசட் கடைக்கு வந்தாக வேண்டும் என்பதே நிர்வாகத்தின் முடிவு. மோசமான விளையாட்டைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அதனை மோசமாக்கிய வணிக முடிவை எடுத்துச் சொல்வதற்குக் கோப்புகளும் சாட்சிகளும் வேண்டும். அமெரிக்காவில் அவை ஓரளவு இருக்கின்றன, சம்பந்தப்பட்டவர்கள் பேசினார்கள், எனவே வார்ஷாவுக்குப் பிற்காலத்தில் நியாயம் கிடைத்தது.

ஹைதராபாதும் மும்பையும்

இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஏ.ஆர். முருகதாஸ் தமிழில் எடுத்து, பின்னர் இந்தியில் இயக்கிய "கஜினி" 2008 டிசம்பரில் வெளிவந்தபோது, அதனையொட்டி ஹைதராபாதைச் சேர்ந்த எஃப்.எக்ஸ். லேப்ஸ் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கியது. 2009-இல் ஹைதராபாதின் அரோனா டெக்னாலஜீஸ் தயாரித்த "ஹனுமான்: பாய் வாரியர்" சோனியின் பிளே ஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது. 2011-இல் ஷாருக் கானின் "ரா.ஒன்" படத்துக்காக மும்பையின் டிரைன் கேம்ஸ் ஒரு விளையாட்டைச் செய்தது.

இவற்றின் குறைகள் மறைக்கக் கூடியவை அல்ல. விறைப்பாக நகரும் பாத்திரங்கள், ஒரே மாதிரியான சண்டைகள், பாதி வெந்த வடிவமைப்பு என்று கேலிக்குத் தேவையான சரக்கு அனைத்தும் இருக்கிறது. ஆனால் அவை உருவான சூழ்நிலை கேலி விடியோக்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. படம் பேசப்படும் சில வாரங்களுக்குள் விற்றாக வேண்டிய விளையாட்டு அது. அதை வாங்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் திருட்டு நகலுக்குப் பழகியவர்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உதிரி வேலை செய்து வளர்ந்துகொண்டிருந்த துறை, சொந்தமாக ஒரு முழு விளையாட்டைச் செய்யத் துணிந்த காலம் அது. முதல் முயற்சிகளைச் சிரித்தே தீர்த்துக்கட்டினால், எங்கே தவறியது என்பதை அடுத்து வருபவர் எதைக் கொண்டு கற்பார்?

"ஹனுமான்" விளையாட்டுக்கு வேறொரு சோதனையும் வந்தது. கடவுளைப் பொத்தான்களால் ஆட்டி வைப்பது தெய்வத்தை இழிவுபடுத்துவதாகும் என்று, அமெரிக்காவிலிருந்து இயங்கும் இந்து அமைப்பொன்றின் தலைவரான ராஜன் ஸெட் எதிர்ப்புத் தெரிவித்து, விளையாட்டைத் திரும்பப் பெறுமாறு சோனியை வலியுறுத்தினார். ஒருபுறம் மத உணர்வு, மறுபுறம் எள்ளல். இவ்விரண்டுக்கும் நடுவே, விளையாட்டை விளையாட்டாக எடைபோடும் நிதானமான விமர்சனத்துக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

கேலி படைப்பை விட்டு ஆளை நோக்கித் திரும்பும் ஆபத்தும் இருக்கிறது. தில்லியை அடுத்த ஃபரீதாபாதைச் சேர்ந்த "கேரி மினாட்டி", நையாண்டி விடியோக்களால் நாடறிந்தவர். டிக் டாக் பயனாளர்களைத் தாக்கி அவர் 2020 மே மாதம் வெளியிட்ட விடியோவைத் துன்புறுத்தலுக்கு எதிரான விதிகளின்படி யூ டியூப் நீக்கியது. அது விளையாட்டு விமர்சனம் அன்று. எனினும், அதிகப் பார்வையாளர்களைத் தேடும் எள்ளல் எங்கே போய் முட்டும் என்பதை அது காட்டியது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

இந்தக் குறைகளுக்காகக் கேலி விடியோக்களுக்குக் கடிவாளம் இட வேண்டும் என்று கருதினால், அது பெருந்தவறாகும். ஏற்கெனவே அவை நிற்கும் தரை உறுதியானதன்று.

விமர்சனத்துக்காக ஒரு படைப்பை எடுத்துக்காட்டுவது "நியாயமான பயன்பாடு" என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. இந்த விலக்கை நீதிமன்றங்கள் தாராளமாகவே அணுகியிருக்கின்றன. தோப்பில் பாஸியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனின் வழக்கில், மூலத்தின் பகுதிகளைக் கையாண்டிருந்தாலும் நோக்கம் விமர்சனமே என்பதை ஏற்று, கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் எதிர்நாடகத்துக்குச் சாதகமாக நின்றது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், திரைப்படம், ஒலிப்பதிவு உள்ளிட்ட எல்லாப் படைப்புகளுக்கும் இந்த விலக்கை விரிவுபடுத்தியது.

ஒன்றே ஒன்றைத் தவிர. "கணினி நிரல் நீங்கலாக" என்ற சொற்கள் அப்பிரிவில் அப்படியே நிற்கின்றன. விடியோ விளையாட்டின் உயிர்நாடி கணினி நிரல். அதன் காட்சியும் இசையும் தனித்தனிப் படைப்புகள், அவற்றுக்கு விலக்கு பொருந்தும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அது வாதம் மட்டுமே; சட்டத்தின் வாசகம் தரும் உறுதி அன்று. நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் விமர்சிப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, விளையாட்டை விமர்சிப்பவருக்கு ஐயத்துக்கு இடமானதாக இருக்கிறது.

நடைமுறையில் வழக்கு நீதிமன்றம்வரை செல்வதே அரிது. பதிப்புரிமை மீறல் என்று 90 நாள்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் பதிவானால், யூ டியூப் அந்தச் சேனலையே முடக்கிவிடலாம். மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு என்றாலும், சட்ட உதவியற்ற தனிநபர் பெரும்பாலும் பணிந்துவிடுகிறார். பெரிய நிறுவனங்கள் இதனை அறிந்தே இருக்கின்றன. தனது விளையாட்டுக் காட்சிகளைப் பயன்படுத்துவோரின் விளம்பர வருவாயில் பங்கு கேட்கும் திட்டத்தை நின்டெண்டோ 2015-இல் கொண்டுவந்து, எதிர்ப்புகளுக்கு இடையே நடத்தி, 2018 இறுதியில் கைவிட்டது. அதாவது, விமர்சகர் பிழைத்திருப்பது உரிமையால் அல்ல, நிறுவனத்தின் பெருந்தன்மையால்.

நான்கு அமைச்சகங்கள், ஆவணமோ இல்லை

நூலகங்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். திரைப்படங்களுக்காகப் புணேயில் 1964-இல் தேசிய ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. விடியோ விளையாட்டுகளுக்கு இத்தகைய சட்டமும் இல்லை, காப்பகமும் இல்லை.

ஒரு பொது நூலகம் தானாகவே முன்வந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமிக்கலாம். ஆனால் அதன் மின்னணு அல்லாத பிரதி அந்த நூலகத்திடம் முன்னதாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறக்கும்போதே மின்னணு வடிவில் பிறக்கும் விளையாட்டுக்கு "மின்னணு அல்லாத பிரதி" எங்கிருந்து வரும்? இதற்கிடையே காலம் காத்திருக்கவில்லை. பிளே ஸ்டேஷன் 2 உற்பத்தி 2013 தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. பல இணைய விளையாட்டுகளுக்கு அடித்தளமாக இருந்த ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது.

வளர்ந்த நாடுகளும் முழுமையாகத் தப்பிவிடவில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, அங்குள்ள விடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. எனினும் அங்கே எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு பட்டியலாவது இருந்தது.

மத்திய அரசுக்கு இத்துறையில் அக்கறை இல்லை என்று கூற முடியாது. அனிமேஷன், விளையாட்டுத் துறைகளுக்கான பணிக்குழு 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மும்பையில் தேசிய உயர் சிறப்பு மையம் அமைக்க 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. ஆனால் பதிப்புரிமை வர்த்தக அமைச்சகத்திடமும், இணைய விளையாட்டுகள் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடமும், அனிமேஷன் துறை தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமும், தேசிய நூலகம் கலாசார அமைச்சகத்திடமும் இருக்கின்றன. நேற்றைய விளையாட்டுகளைக் காப்பது யாருடைய கோப்பிலும் இல்லை.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 52-வது பிரிவில் விமர்சனத்துக்கான விலக்கிலிருந்து கணினி நிரலை ஒதுக்கி வைக்கும் சொற்களை நீக்கலாம். பொது நூலகங்களுக்கான நிபந்தனையைத் தளர்த்தலாம். இந்தியாவில் வெளியாகும் விளையாட்டுகளின் ஒரு பிரதியையேனும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் செய்யலாம். அதுவரை, ஹைதராபாதிலும் மும்பையிலும் இரவு பகலாக உழைத்து உருவாக்கப்பட்ட முதல் இந்திய விளையாட்டுகள் எப்படி இருந்தன என்று நாளை ஒரு மாணவர் கேட்டால், காட்டுவதற்கு இருக்கப்போவது யாரோ ஒருவர் கேலி செய்து எடுத்த விடியோதான். மூன்று எச்சரிக்கைகள் வந்தால் அதுவும் இருக்காது.